முதல் மாரத்தானுக்குத் தயாராகிறீர்களா? ஓடி வந்தவர்கள் பேசுவதைக் கேளுங்கள்

சென்னை மாரத்தான் ஜனவரியில் நடந்து முடிந்ததும், ஊரில் ஓடுகிறவர்கள் ஒரு வாரத்துக்கு வேறு எதையும் பேச மாட்டார்கள். ஆபீஸ் கேன்டீன், அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு, பெசன்ட் நகரில் காலை ஓட்டத்துக்குப் பிறகான காபி என்று எங்கே போனாலும் "இருபத்தெட்டுல கால் புடிச்சிருச்சு", "பதினாறு வரைக்கும் சூப்பரா போச்சு, அப்புறம் வெயில் ஏறிருச்சு" என்ற பேச்சுதான். ஓடாதவர்களுக்குக் காது புளித்துப் போகும். அடுத்த ஆண்டு நாமும் ஓடிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறவர் மட்டும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரலாம். பயிற்சி அட்டவணைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அவற்றில் பல குளிர் நாட்டுக்காரர்கள் தங்கள் ஊருக்காக எழுதியவை. விடியற்காலை நாலு மணிக்கே சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும் ஊரில் ஓடி வந்தவர் சொல்வது வேறு விதமாக இருக்கும்.

அப்படிக் கேட்டுச் சேர்த்ததைப் புதிதாக வருகிறவர்களுக்காக வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முதல் படி: யாரிடம், என்ன கேட்பது

அரை மாரத்தானை ஒன்றரை மணி நேரத்தில் முடித்தவரின் அனுபவம் கேட்கச் சுவையாக இருக்கும். உங்களுக்கு அது அதிகம் பயன்படாது. அவர் வெயில் ஏறுவதற்குள் பதக்கத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். இரண்டே முக்கால், மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டவரைத் தேடிப் பிடியுங்கள். முழு மாரத்தானில் ஐந்தரை, ஆறு மணி நேரம் சாலையில் இருந்தவர் கிடைத்தால் விடாதீர்கள். தண்ணீர் மேஜையில் கடைசியில் என்ன மிஞ்சியது, எந்த இடத்தில் நிழல் அறவே கிடையாது, கால் எப்போது மரத்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

"என்ன டைம்?" என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எந்தக் கிலோமீட்டரில் ஓட்டம் நடையானது, அதற்கு முந்தின அரை மணியில் என்ன குடித்தார், முதல் ஐந்து கிலோமீட்டரை எவ்வளவு வேகத்தில் ஓடினார் என்ற மூன்றையும் கேளுங்கள். பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்.

"எங்கண்ணா சொதப்புச்சு?"

"ஆரம்பத்துலயே தம்பி. எல்லாரும் பறந்தாங்க, நானும் கூடவே பறந்துட்டேன்."

பெண்கள் ஓடிவந்த பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டியவையும் உண்டு. இருட்டில் எந்தச் சாலையில் பயிற்சி செய்யலாம், தொடக்க இடத்தில் கழிப்பறை வரிசை எவ்வளவு நீளம், மாதவிடாய் நாளில் ஓட்டம் வந்தால் என்ன செய்தார்கள் என்பதற்கெல்லாம் ஆண்கள் எழுதும் நீண்ட பதிவுகளில் பதில் இருக்காது.

இரண்டாம் படி: தூரத்தை முடிவு செய்வது

முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921-ல் அதையே உலகம் முழுவதற்கும் பொது அளவாக்கினார்கள். அரை மாரத்தான் 21.0975 கிலோமீட்டர். சென்னையில் 10 கிலோமீட்டர் ஓட்டமும் இருக்கிறது. அரைக்கும் முழுசுக்கும் நடுவே தயங்கி நிற்கிறவர்களுக்காக 20 மைல், அதாவது 32 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஒரு பிரிவையும் நடத்திவருகிறார்கள்.

பெயரில் 'அரை' என்று இருப்பதால் கஷ்டமும் பாதிதான் என்று நினைத்துவிட வேண்டாம். முழு ஓட்டத்தின் கஷ்டத்தில் பெரும்பங்கு கடைசிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில்தான் காத்திருக்கிறது. தசையிலும் ஈரலிலும் உடம்பு சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்து முப்பது கிலோமீட்டரை ஒட்டித் தீர்ந்துபோகும். ஓடுகிறவர்கள் அதைச் 'சுவரில் மோதுவது' என்பார்கள். அரை மாரத்தானில் அந்தச் சுவர் பெரும்பாலும் குறுக்கே வராது.

ஆகவே என் கருத்து இதுதான்: ஆகஸ்டில் ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் மெதுவாக ஓட முடிகிறதென்றால் ஜனவரி அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுங்கள். முடியாவிட்டால் பத்து கிலோமீட்டர் போதும். அரை மாரத்தானை இரண்டு மூன்று தடவையாவது ஓடிய பிறகு முழு மாரத்தானைப் பற்றி யோசிக்கலாம். நண்பர்கள் உசுப்பிவிட்டார்கள் என்பதற்காக நேராக 42-க்குப் பணம் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அடுத்த ஆண்டு கண்ணில் படுவதில்லை.

நாற்பதை நெருங்குகிறவர்கள், சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் எல்லாரும் பணம் கட்டும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை

வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் ஓடினால் போதும். அதில் ஒரு நாள் நீண்ட ஓட்டம். இங்கே எல்லாரும் 'லாங் ரன்' என்றுதான் சொல்வார்கள். வார இறுதியில் எட்டு கிலோமீட்டரில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் கூட்டிக்கொண்டே போங்கள். நான்கு வாரத்துக்கு ஒரு முறை தூரத்தைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள். அரை மாரத்தானுக்கு 18, 19 கிலோமீட்டர் வரை போனால் போதும். முழு மாரத்தான்காரர்கள் போட்டிக்கு மூன்று வாரம் முன்பு 30 முதல் 32 வரை ஓடிவிட்டுப் பிறகு தூரத்தைக் குறைத்துக்கொண்டே வருவார்கள்.

வேகத்துக்கு ஒரே சோதனைதான். பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும். 'ம்', 'ஆமா' மட்டும்தான் வாயில் வருகிறதென்றால் வேகம் அதிகம்.

நடுவில் நடப்பதற்கு வெட்கப்படாதீர்கள். 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் பத்தாயிரம் மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே, ஓட்டத்தையும் நடையையும் கலந்து மாரத்தான் முடிக்கும் முறையைப் பல பேருக்குப் பழக்கியவர். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே செய்ய வேண்டும். களைத்த பிறகு தொடங்கினால் அதற்குப் பெயர் வெறும் களைப்பு.

சென்னையில் தனியாகப் பயிற்சி செய்வதைவிடக் குழுவோடு ஓடுவது நல்லது. சென்னை ரன்னர்ஸ் அமைப்புக்குப் பகுதிவாரியாகக் கிளைகள் இருக்கின்றன. அடையாறு, அண்ணா நகர், ஓஎம்ஆர் என்று உங்கள் வீட்டுப் பக்கம் எங்கே கூடுகிறார்கள் என்று விசாரியுங்கள். குழுவோடு போனால் தெருநாய்த் தொல்லையும் குறையும். தனியாகப் போகும்போது நாய் துரத்தினால் ஓடாதீர்கள். அப்படியே நின்று, பிறகு நடந்து அந்த இடத்தைத் தாண்டுங்கள். சாலையோரத்தில் ஓடும்போது எதிரே வரும் வண்டிகள் தெரியும்படி வலது ஓரமாக ஓடுங்கள். இருட்டில் வெளிச்சம் பட்டால் மின்னும் மேலங்கி அவசியம்.

அக்டோபர் நடுவிலிருந்து வடகிழக்குப் பருவமழை உங்கள் அட்டவணையைக் கலைக்கும். தண்ணீர் தேங்கிய சாலையில் பள்ளம் எது, திறந்து கிடக்கும் மூடி எது என்று தெரியாது. அந்த நாட்களில் மேம்பாலத்தடியிலோ ஜிம்மில் டிரெட்மில்லிலோ ஓடிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். விட்ட ஓட்டத்தை அடுத்த நாள் சேர்த்து ஓடிக் கணக்கை நேர் செய்ய வேண்டாம். மார்கழி வந்துவிட்டால் ஊரே நம் பக்கம். நாலரைக்கே கோயிலில் திருப்பாவை ஒலிக்கும், வாசலில் கோலம் போடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், டீக்கடை திறந்திருக்கும். ஓடுவதற்கு இந்த ஊரில் அதைவிட நல்ல மாதம் கிடையாது. போகி அன்று காலை மட்டும் புகைக்குள் ஓடாமல் படுத்துத் தூங்கலாம்.

நான்காம் படி: வியர்வைக் கணக்கு

ஓடி வந்தவர்கள் அதிகம் பேசுவது இதைப் பற்றித்தான். புதியவர்கள் அதிகம் அலட்சியம் செய்வதும் இதைத்தான்.

ஜனவரிக் காலையில் சென்னையின் வெப்பம் இருபது டிகிரிக்குச் சற்று மேலேதான் இருக்கும். கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் அது காயாமல் முழங்கையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும். உப்பும் தண்ணீரும் போய்க்கொண்டே இருக்கும், உடம்பு குளிராது. பெங்களூரிலிருந்து வந்து ஓடுகிறவர்கள் இங்கே முதல் தடவை திணறுவது இதனால்தான்.

உங்கள் வியர்வையை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு லாங் ரன்னுக்கு முன்னும் பின்னும், உடம்பைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். உதாரணத்துக்கு, 68 கிலோவாக இருந்தவர் ஒன்றரை மணி நேரம் ஓடி, நடுவில் அரை லிட்டர் குடித்து, 66.6 கிலோவாகத் திரும்பினால் அவர் இழந்தது 1.9 லிட்டர். மணிக்கு ஏறக்குறைய 1.3 லிட்டர். அத்தனையையும் ஓடும்போதே குடித்து ஈடுகட்டத் தேவையில்லை, வயிறும் தாங்காது. உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு வரை குறைவதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. பயத்தில் ஒவ்வொரு மேஜையிலும் வெறும் தண்ணீராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி உயிருக்கே உலை வைக்கலாம். மெதுவாக ஓடி நிறைய நேரம் சாலையில் இருப்பவர்களுக்கே இது அதிகம் வரும். தாகத்துக்குக் குடியுங்கள். ஒரு தடவை தண்ணீர், அடுத்த தடவை ஓஆர்எஸ் என்று மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். ஓஆர்எஸ் பொடியைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டைச் சின்ன பாட்டிலில் கொட்டிக் குலுக்கினால் வயிறு கலங்கும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. இளநீரை மட்டும் நம்பாதீர்கள். உப்புப் போட்ட மோரும் எலுமிச்சைச் சாறும் பயிற்சி முடிந்து வீடு திரும்பியதும் குடிக்க நன்றாக இருக்கும்.

தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறவர்கள் இடுப்பை வளைத்து, தலையை முன்னே நீட்டி, பிடரியில் ஊற்றுங்கள். நிமிர்ந்து நின்று ஊற்றினால் தண்ணீர் கால் வழியாக ஷூவுக்குள் இறங்கும். நனைந்த காலுறையோடு மூன்று கிலோமீட்டர் ஓடினால் போதும், பாதத்தில் கொப்புளம் எழும்பிவிடும்.

ஐந்தாம் படி: முந்தின நாள்

பிப் என்பது நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டை. ஓட்டத்துக்கு முந்தின ஓரிரு நாட்களில் அடையாள அட்டையைக் காட்டி வாங்க வேண்டும். கடைசி நாள் மாலை வரை தள்ளிப் போட்டால் வரிசையில் நின்றே கால் வலிக்கும். உங்கள் நேரத்தைப் பதிவு செய்யும் சிப் அதன் பின்பக்கம் ஒட்டியிருக்கும். அதை மடிக்கவோ இடுப்பில் செருகவோ கூடாது. நான்கு மூலையிலும் ஊக்கு குத்தி நெஞ்சில் மாட்டுங்கள். பின்னால் வீட்டுத் தொலைபேசி எண், ரத்த வகை, மருந்து ஒவ்வாமை எல்லாம் பேனாவால் எழுதிவையுங்கள்.

அங்கே கொடுக்கும் புதுப் பனியனை மறுநாள் போட்டுக்கொண்டு ஓட எல்லாருக்கும் ஆசை வரும். அதை பொங்கலுக்குப் போட்டுக்கொள்ளலாம். ஷூ, காலுறை, பனியன், அரை டிராயர் எல்லாம் ஏற்கனவே ஒரு லாங் ரன்னாவது பார்த்ததாக இருக்கட்டும். தொடை இடுக்கு, அக்குள், ஆண்களுக்கு மார்புக் காம்பு, இந்த இடங்களில் வாசலினைத் தாராளமாகத் தடவுங்கள். வெள்ளைப் பனியனில் இரண்டு சிவப்புக் கோடுகளோடு முடிப்பவர்களைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

இரவுச் சாப்பாட்டில் பரோட்டா சால்னா, சுண்டல், காரக்குழம்பு வேண்டாம். இட்லி, தயிர் சாதம், உருளைக்கிழங்கு என்று வயிற்றுக்குப் பழகியதைச் சீக்கிரமே சாப்பிட்டுவிடுங்கள். தூக்கம் சரியாக வராது, அது பரவாயில்லை. அதற்கும் முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருந்தால் போதும். காலையில் கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம், இரண்டு ரொட்டித் துண்டு. காபி பழக்கம் இருந்தால் காபி.

திரும்பி வரும் வழியையும் முந்தின நாளே முடிவு செய்யுங்கள். கடந்த சில ஆண்டுகளாக முழு மாரத்தான் மெரினாவில் நேப்பியர் பாலத்திலும், அரை மாரத்தான் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலும் தொடங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் முடிந்திருக்கின்றன. தொடக்கத்தில் நிறுத்திய ஸ்கூட்டரை எடுக்க, முடிந்த இடத்திலிருந்து செருப்பு இல்லாத காலோடு திரும்பி வர வேண்டியிருக்கும். இடமும் நேரமும் மாறக்கூடியவை என்பதால் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள். பை ஒப்படைக்கும் வசதி இருந்தால் அதில் செருப்பு, துண்டு, மாற்றுப் பனியன், பேருந்துக்குச் சில்லறை வையுங்கள்.

ஆறாம் படி: ஓட்டம்

அரை மாரத்தானை மூன்று மணி நேரத்தில் முடிக்க ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 32 விநாடி. இரண்டரை மணி நேரத்துக்கு 7 நிமிடம் 7 விநாடி. எந்த இலக்கோ, முதல் ஐந்து கிலோமீட்டரை அதைவிட 15 விநாடி மெதுவாக ஓடுங்கள். எல்லாரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். கடைசி ஐந்தில் அவர்களில் பாதிப் பேரை நடந்துகொண்டிருக்கும்போது பார்ப்பீர்கள்.

நேரம் எழுதிய கொடியோடு ஓடுகிறவர் பேசர். உங்கள் இலக்குக்கு ஒருவர் இருந்தால் அவர் பின்னாலேயே போவது பெரிய நிம்மதி, மணியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். கைக்கடிகாரம் காட்டும் தூரம் சாலையோரப் பலகையோடு ஒத்துப் போகாது. வளைவுகளில் வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடுவதால் இருபத்தொன்றுக்கு மேல் முன்னூறு மீட்டர் கூடுதலாகக் காட்டும். பலகையை நம்புங்கள்.

ஜனவரி தொடக்கத்தில் சுமார் ஆறரைக்குச் சூரியன் எழும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே ஓடும்போது வெயில் முழுக்க இடது கன்னத்திலும் இடது தோளிலும்தான் அடிக்கும். தொப்பி, கூலிங் கிளாஸ், இடது காதுப் பக்கம் கொஞ்சம் கூடுதல் சன் ஸ்கிரீன். வேடிக்கையாகத் தோன்றும், ஓடி வந்தவர்களின் முகத்தைப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் கருத்திருக்கும்.

ஆடுசதை இழுத்துக்கொண்டால் ஓரமாக நின்று, சுவரிலோ கம்பத்திலோ கையை ஊன்றி, குதிகாலைத் தரையில் அழுத்திப் பிடியுங்கள். பிறகு நடங்கள். ஆனால் நெஞ்சு வலி, தலைசுற்றல், அத்தனை வெயிலில் குளிர் எடுத்து மயிர்க்கூச்சம், எங்கே இருக்கிறோம் என்ற தடுமாற்றம், இதில் எது வந்தாலும் ஓட்டம் அங்கேயே முடிந்தது. பக்கத்துத் தன்னார்வலரிடம் சொல்லி உட்காருங்கள். பக்கத்தில் ஓடுகிறவர் உளறத் தொடங்கினாலும் அவரையும் நிறுத்துங்கள்.

ஏழாம் படி: கோட்டைத் தாண்டிய பிறகு

பதக்கம் வாங்கியதும் தொப்பென்று உட்காராதீர்கள். ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும். பத்து நிமிடமாவது நடங்கள். ஓஆர்எஸ்ஸைச் சிறுகச் சிறுகக் குடித்து, அங்கே கொடுக்கும் காலை உணவைக் கொஞ்சமாவது சாப்பிடுங்கள். வலிக்கிறது என்று உடனே வலி மாத்திரை போடாதீர்கள். தண்ணீர் குறைந்திருக்கும் உடம்பில் ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

உண்மையான தசைவலி அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். மாடிப்படி ஏறுவது சுலபம், இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பிக் கைப்பிடியைப் பிடித்து இறங்க வேண்டியிருக்கும். ஆபீஸில் சிரிப்பார்கள். கால் நகம் கருத்திருந்தால் பிய்க்காமல் விடுங்கள், புது நகம் தானாக வரும். ஒரு வாரம் நடை மட்டும் போதும்.

எட்டாம் படி: இப்போது உங்கள் முறை

இரண்டு நாளுக்குள் எழுதிவிடுங்கள், அப்புறம் ஞாபகம் தானாகவே வலியைக் குறைத்துக் காட்டும். குழுவில் போடும் பதிவில் பதக்கப் படத்தோடு நான்கைந்து விவரமாவது இருக்கட்டும்: எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் எவ்வளவு நேரம், எங்கே நடக்கத் தொடங்கினீர்கள், எந்த மேஜையில் தண்ணீர் தீர்ந்திருந்தது. நேரத்தைச் சொல்லும்போது சிப் நேரமா, துப்பாக்கி வெடித்ததிலிருந்து கணக்கிட்ட நேரமா என்று குறிப்பிடுங்கள். பின்வரிசையில் நின்று தொடங்கியவர்களுக்கு இரண்டுக்கும் பல நிமிட வித்தியாசம் வரும்.

பாதியில் நிறுத்தியவர்களும் எழுத வேண்டும். "23-ல் குளிரெடுத்தது, உட்கார்ந்துவிட்டேன்" என்ற ஒற்றை வரிப் பதிவு, புதிதாக வருகிறவருக்கு ஒரு பக்கப் புகழ்ச்சியைவிட அதிகம் சொல்லும். கீழே யாராவது "அக்கா, நான் அடுத்த வருஷம் ஹாஃப் ஓடலாம்னு இருக்கேன், என்ன ஷூ வாங்கறது?" என்று கேட்பார்கள். ஷூவைப் பற்றிச் சொல்லுங்கள், முதல் ஐந்து கிலோமீட்டரைப் பற்றியும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.